கணுக்காலோடு நிற்கும் புகை: ஐஸ் பெட்டி செய்து பார்த்த கதை

எங்கள் நாடகத்தில் ஏரிக்கரைக் காட்சி ஒன்று வருகிறது. நாயகி நடந்து வரும்போது தரையில் கணுக்கால் உயரத்துக்குப் புகை படர்ந்திருக்க வேண்டும், இயக்குநர் கேட்டது அவ்வளவுதான். கையில் இருந்ததோ சாதாரண புகை மெஷின். அதைப் போட்டால் புகை நேராக மேலே கிளம்பி விளக்குகளுக்கு நடுவே போய் நின்றுகொள்ளும், கொஞ்ச நேரத்தில் மேடை முழுக்க மங்கிவிடும். மெஷினுக்குள் கிளைக்கால் (glycol) என்ற திரவம் கலந்த தண்ணீர் சூட்டில் ஆவியாகி வெளியே வந்ததும் நுண்துளிகளாக மாறுகிறது. சுற்றியிருக்கும் காற்றும் அதோடு சேர்ந்து சூடாகிவிடுவதால் மேலே ஏறுகிறது. குளிரவைத்தால் கீழேயே கிடக்கும். 30 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 10 டிகிரி காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கனம் கூடுதல், அந்தச் சின்ன வித்தியாசம்தான் புகையைத் தரையோடு பிடித்து வைக்கிறது.

ட்ரை ஐஸ் வாங்கிவிடலாமே என்று குழுவில் சொன்னார்கள். மைனஸ் 78.5 டிகிரி, வெந்நீரில் போட்டால் அருமையான தரைப்புகை வரும், உண்மைதான். ஆனால் அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, அதிலிருந்து வருவதும் அதே வாயுதான். காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். எங்கள் காட்சியின் முடிவில் ஒருவர் தரையில் படுத்தே கிடக்கிறார், அவர் மூக்கு இருக்கும் உயரத்தில் அதை விட எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் சாதாரண ஐஸ்தான் என்று முடிவு செய்தோம்.

முதல் பெட்டி: மூடியுள்ள ஒரு தெர்மாகோல் பெட்டி, இரண்டு பக்கமும் எதிரெதிரே ஓட்டை, நடுவில் பெரிய பெரிய ஐஸ் கட்டிகள். புகை உள்ளே போனது, அந்தப் பக்கம் வந்தது, மேலே ஏறியது. திறந்து பார்த்தால் கட்டிகளின் மேற்பரப்பு லேசாகப் பளபளத்ததைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 10 செ.மீ. கனசதுரக் கட்டி ஒன்றின் மேற்பரப்பு 600 சதுர செ.மீ., அதையே 2.5 செ.மீ. துண்டுகளாக்கினால் 64 துண்டு, மொத்தம் 2400. எடை அதே எடைதான், புகை தொடும் இடம் மட்டும் நான்கு மடங்கு.

சரி, இன்னும் பொடியாக்கினால் இன்னும் நல்லதுதானே என்று அடுத்த நாள் ஐஸை நன்றாக நொறுக்கிக் கொட்டினேன். அது ஒன்றோடொன்று ஒட்டிச் சுவர் மாதிரி இறுகிவிட்டது. புகை வழி கிடைக்காமல் வந்த ஓட்டை வழியாகவே மெஷின் பக்கம் திரும்பி வந்தது. கட்டியும் வேண்டாம், பொடியும் வேண்டாம், ஃப்ரிட்ஜ் டிரேயில் உறையவைக்கும் அளவுத் துண்டுதான் சரி.

மூன்றாவது முயற்சியில்தான் விஷயம் பிடிபட்டது. 5 கிலோ துண்டு ஐஸ் போட்டோம், முதல் சில நிமிடம் புகை தரையில் பால் கொட்டினாற்போல ஓடியது. பத்து நிமிடத்தில் மறுபடியும் எழும்ப ஆரம்பித்தது. ஐஸ் தீர்ந்துவிட்டதாக நினைத்து மூடியைத் திறந்தால் பெட்டி பாதிக்கு மேல் நிறைந்தே இருக்கிறது! ஆனால் உள்ளே வரும் ஓட்டையிலிருந்து வெளியே போகும் ஓட்டை வரை, கை முஷ்டி நுழையும் அகலத்தில், நேராக ஒரு சுரங்கம். அதன் சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக உருகியிருந்தது, இரண்டு பக்க மூலைகளில் இருந்த துண்டுகளோ போட்டபோது இருந்த கூர்முனை மாறாமல் அப்படியே கிடந்தன. புகை தனக்கு ஒரு குறுக்குவழி வெட்டிக்கொண்டு, மீதி ஐஸைத் தொடாமலே போயிருக்கிறது.

ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றை 20 டிகிரி குளிரவைக்க சுமார் 24 கிலோஜூல் போதும், அதாவது 70 கிராம் சொச்சம் ஐஸ். காற்றில் உள்ள ஈரமும் பெட்டிச் சுவரும் தின்பது தனி, இருந்தாலும் 5 கிலோ பத்து நிமிடத்தில் தீர வழியே இல்லை. ஃப்ரீசரில் மைனஸ் 18 வரை கொண்டுபோனால் கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 38 கிலோஜூல்தான், அதற்காக மெனக்கெட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உப்புப் போட்டால் மைனஸ் 21 வரை இறங்கும் என்பதும் தெரியும், ஆனால் ஐஸ் சீக்கிரம் கரையும், உப்புத் தண்ணீர் கம்பி வலையை அரிக்கும், அதைவிட மின்வயர் பக்கத்தில் அது சொட்டுவது நல்லதல்ல.

இப்போது இருக்கும் பெட்டி இப்படி: அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கம்பி வலை, அதன்மேல் ஐஸ். சூடான புகை மூடியை ஒட்டி மேலே நுழைகிறது, வெளியே போகும் வாய் எதிர்ப்பக்கம் வலைக்குக் கீழே. மேலே நுழைந்த புகை முதலில் மூடிக்கு அடியில் பரவுகிறது, குளிரக் குளிரக் கனம் கூடி ஐஸ் முழுவதின் ஊடாகவும் தானே இறங்குகிறது. நுழையும் இடத்துக்கு எதிரே ஒரு தகட்டையும் சாய்த்து வைத்தேன், ஒரே இடத்தில் போய் மோதாமல் இருக்க. உருகும் தண்ணீர் வலைக்குக் கீழே சேர்ந்து ஒரு சின்னக் குழாய் வழியாக வாளிக்குப் போகிறது. தண்ணீர் தேங்கி வெளிவாயை மூடினால் புகை நின்றுவிடும், அதனால் ஒத்திகைக்கு நடுவே வாளியை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.

மெஷினின் மூக்கைப் பெட்டியோடு ஒட்டி அடைக்காதீர்கள். நாலு விரல் இடைவெளி விட்டேன், அந்த வழியாக வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. அடைத்து வைத்திருந்தபோது திரவம் மூக்கிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. தொடர்ந்து ஊதாமல் ஐந்து விநாடி விட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி விடுவதுதான் நன்றாக வருகிறது. வேகமாகத் தள்ளினால் ஐஸோடு இருக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. வெளிக்குழாயும் அகலமாக, குட்டையாக இருக்கட்டும்.

திரவத்தையும் மாற்றினேன், சீக்கிரம் கலையும் வகைக்கு. பழைய திரவத்தில் புகை சூடேறிய பிறகும் கலையாமல் மெல்ல எழுந்து அடுத்த காட்சி வரை தொங்கும். இதில் தரையைவிட்டுக் கிளம்பும்போதே மறைந்துவிடுகிறது.

குழாய் வாய்க்கு முன்னால் தரை ஈரமாகி வழுக்குகிறது, கிளைக்கால் கலந்த ஈரம் வெறும் தண்ணீரைவிட மோசம். அங்கே டேப் ஒட்டி, யாரும் கால் வைக்காதபடி நடையை மாற்றச் சொன்னேன், நாயகியும் மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொண்டார். அரங்கத்தின் புகை உணரிகளைப் பற்றி அங்குள்ளவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டோம்.

நேற்றைய ஒத்திகையில் பதினைந்து நிமிடம் முன்பே ஐஸ் போட்டு மூடி, பெட்டியைக் குளிரவிட்டுத் தொடங்கினோம். காட்சி முழுக்கப் புகை கணுக்காலைத் தாண்டவில்லை, படுத்திருந்தவரின் கை மட்டும் வெளியே தெரிந்தது. முடிந்ததும் மூடியைத் திறந்து பார்த்தேன், ஐஸ் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தாழ்ந்திருந்தது. திரை விலகும்போது மட்டும் அந்தக் காற்று புகையை இடது ஓரத்துக்கு இழுக்கிறது. அடுத்த ஒத்திகையில் திரையை மெதுவாக விலக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.