கட்டிவிட்டுத் திருப்பி அனுப்பும் சேலை

இளம்பிள்ளையிலோ ஈரோட்டிலோ மொத்த விலைக்குச் சேலை எடுத்து ஆன்லைனில் விற்பவர்களிடம் ரிட்டர்ன் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வருவது ஏமாற்றிய வாடிக்கையாளர் கதைதான். அப்படிப்பட்டவர்கள் இல்லாமலில்லை. ஆனால் திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலுக்கும் காரணத்தை நோட்டில் குறித்து வந்தால் "கலர் வேற", "துணி மெல்லிசா இருக்கு" என்ற இரண்டும்தான் பக்கங்களை நிரப்பும். இந்த இரண்டும் போட்டோ எடுக்கும்போதே உருவாகிவிடுகிற தகராறுகள்.

பாவில் (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடையில் (குறுக்கு நூல்) இன்னொரு நிறம் கொடுத்து நெய்த டபுள் ஷேடு சேலை, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும். கேமரா அதில் ஒன்றைத்தான் பிடிக்கும். மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகிவிடும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அரக்கு செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில், ஃபில்டர் போடாமல் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து, படத்திலும் அது வெள்ளையாகவே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். டபுள் ஷேடுக்குப் படம் பத்தாது. சேலையை அசைத்து 10 நொடி வீடியோ போட வேண்டும். துணியின் கனத்தைக் காட்ட, உள்ளே கையை விட்டு விரல் எவ்வளவு தெரிகிறது என்று ஒரு படம். நீளத்தை மொத்த வியாபாரி சொன்னபடி எழுதாமல் டேப் வைத்து அளந்து, சேலை 5.5 மீட்டர், பிளவுஸ் 80 செ.மீ. என்று தனித்தனியாகப் போடுவது நல்லது. பாலியஸ்டரை 'சாஃப்ட் சில்க்' என்று மட்டும் எழுதி விற்றுவிட்டு, திருப்பி அனுப்பியவரைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்" என்று ஸ்டேட்டஸில் போட்டுவிட்டால் இந்தப் பொறுப்பு நீங்கிவிடாது.

கட்டிவிட்டு அனுப்புகிறவர்கள் வேறு ரகம். முகூர்த்தத்துக்கு முன் ஆர்டர், முகூர்த்தம் முடிந்ததும் ரிட்டர்ன். தோள் விழும் இடத்தில் பின் குத்திய துளை, ஓரத்தில் ஃபால்ஸ் தைத்துப் பிரித்த ஊசித்தடம், கொசுவ மடிப்பு, சென்ட் வாசனை, மஞ்சள் கறை: வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் ஒன்றாவது சிக்கும். வெட்டினால் திரும்பப் பூட்ட முடியாத பிளாஸ்டிக் டேக்கைப் பலர் உள் ஓரத்தில் மாட்டுகிறார்கள். அங்கே மாட்டினால் டேக் கொசுவத்துக்குள் ஒளிந்துவிடும், அதை வெட்டாமலே சேலையைத் தாராளமாகக் கட்டலாம். அது முந்தியின் வெளி மூலையில் தொங்க வேண்டும். டேக்கில் வரிசை எண், அதே எண் பில்லிலும். டேக் அறுந்தால் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்கு ரிட்டர்ன் இல்லை என்பதை ஆர்டருக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

வேறு சேலையை வைத்து அனுப்பும் ஆளுக்கு மருந்து வீடியோவும் தராசும்தான். பேக் செய்யும்போது விரித்த சேலை, டேக் எண், கிராமில் எடை, ஒட்டிய லேபிள் எல்லாம் ஒரே ஷாட்டில் வர வேண்டும். திரும்பி வந்த கவரை வெட்டுவதற்கு முன் எல்லாப் பக்கமும் காட்டி, கூரியர் எண் படிக்கும்படி நிறுத்தி, எடை போட்டு, பிறகுதான் கத்தி. 620 கிராமில் போனது 400 கிராமில் வந்தால் பேச்சே தேவையில்லை. கவரை வெட்டிய பிறகு தொடங்கும் வீடியோ, நடுவில் நிறுத்திய வீடியோ, எண் மங்கிய வீடியோ எதுவும் ஆன்லைன் விற்பனைத் தளங்களில் எடுபடுவதில்லை. நஷ்டத்தைக் கேட்டு கிளெய்ம் போடத் தளங்கள் தரும் நாட்களும் குறைவு என்பதால் வந்த அன்றே பிரிப்பது உத்தமம்.

கேஷ் ஆன் டெலிவரியில் வாசலிலேயே மறுத்துவிட்டால் இரு வழிக் கூரியரும் நம் தலையில். தளம் வழியாக இல்லாமல் நமக்கே வரும் நேரடி ஆர்டரில் 100 ரூபாய் முன்பணம் கேட்டாலே விளையாட்டு ஆர்டர்கள் பெருமளவு ஒதுங்கிவிடும். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். ரீஃபண்ட் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே போக வேண்டும். "தங்கச்சி நம்பருக்குப் போடுங்க" என்றால் வேண்டாம்.

"இருநூறு குறைச்சுத் தாங்க, இல்லன்னா ஒரு ஸ்டார்தான் போடுவேன்" என்பவரிடம் போனில் வாதாட வேண்டாம். "மேடம், குறை இருக்கிற இடத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க. சேலையத் திருப்பி அனுப்பினா முழுப் பணமும் தந்துடறோம்" என்று எழுத்தில் ஒரே பதில். உண்மையான குறை உள்ளவர் உடனே படம் அனுப்பிவிடுவார். சின்ன நெசவுக் குறைதான், அவரும் சேலையை வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார் என்றால், கூரியருக்குக் கொடுக்கும் பணத்தை அவருக்கே குறைத்துவிடலாம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ரீஃபண்ட் கொடுத்ததும் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு) போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் நடக்காத விற்பனைக்கு 5 சதவீத வரி போய்விடும். ஒரு நிதியாண்டின் விற்பனைக்கான கிரெடிட் நோட்டை, ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்டியாக வேண்டும். மார்ச்சில் விற்று ஏப்ரலில் திரும்பும் சேலைகள்தான் இதில் விட்டுப்போகும். அவற்றுக்குத் தனி நோட்டு வைத்துக்கொள்ளலாம்.