மாரிக்கு முன் விரைவில் இறுகும் சீமெந்து

வன்னியில் ஐப்பசி முதல் பெய்யும் வடகீழ்ப் பருவமழை, கூரையின்கீழ் வைத்த சீமெந்தையும் விட்டுவைப்பதில்லை. துளி நீர் படாவிட்டாலும், காற்றின் ஈரம் காகிதப் பையினூடாகப் புகுந்து, துகள்களின் மேற்பரப்பில் வேதித்தாக்கத்தை முன்கூட்டியே தொடக்கிவிடுகிறது. விரைவில் வலுப்பெறும் வகைகள் பெரும்பாலும் கூடுதல் நுண்மையாக அரைக்கப்படுவதால், ஒரே நிறையில் ஈரம் படக்கூடிய பரப்பு அவற்றில் அதிகம். ஆகவே அவையே முதலில் கெடுகின்றன.

நீருடன் சேர்ந்து ஜிப்சமாக இறுகும் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் இதில் விசித்திரமானது. ஏற்கெனவே இறுகிய ஜிப்சத் துணுக்குகள் சிறிதளவு கலந்தாலே, அவை பளிங்குகள் வளர வித்துகளாகி இறுகலை மேலும் விரைவுபடுத்தும். சாந்து பூசிய கரண்டியைக் கழுவாமல் பைக்குள் விடும் வழக்கத்தை நான் கண்டிப்பதற்குக் காரணம் இதுவே.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடு கட்டுவோர் பலர் தகரக் கொட்டகையிலேயே பைகளை அடுக்குகிறார்கள். இரவில் குளிரும் தகரத்தின் அடிப்புறத்தில் ஈரம் படிந்து சொட்டும் என்பதால், மேலே தறப்பாள் விரிப்பது அவசியம். பலகைத் தட்டில் நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் உயர்த்தி, சுவரிலிருந்து 30 சென்ரிமீற்றர் விலக்கி, 10 பைகளுக்கு மேற்படாமல் நெருக்கமாக அடுக்க வேண்டும். பழையதை முதலில் எடுக்க வேண்டும். உடைத்த பையின் மீதியை, என் கணிப்பில், தடித்த பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதே சிறந்தது.

விரலால் நசுக்கினால் பொடியாகும் கட்டி பெரும்பாலும் அடுக்கின் அழுத்தத்தால் உண்டானது. நசுங்காத கட்டியுள்ள சீமெந்தைத் தூணுக்கோ வளைக்கோ பயன்படுத்தக்கூடாது, அரித்தெடுத்தாலும்கூட.