61 காட்டிய இரவு

நான் மிருக வைத்தியர். அம்மா என்று நான் கூப்பிடுவது, சீனி வருத்தத்துக்கு என்னிடம் வைத்தியம் பார்த்த ரோசி என்ற நாயை வளர்த்தவரை. அன்றிரவு மிசினில் அதன் இரத்தத்தில் சீனி பார்த்துவிட்டு அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, ரோசிக்கு 61 காட்டுது."

நான் சொன்னது: "அது மனிசருக்குச் செய்த மிசின் அம்மா. நாய்க்குக் குறைச்சுத்தான் காட்டும். பயப்பிடாதேங்கோ, காலமை பாத்திட்டுச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு அவர் ஏதோ சொல்ல வந்தார். லைன் விட்டு விட்டுக் கேட்டது. "இல்லைத் தம்பி, அது…" என்று தொடங்கினாரா, அல்லது "இல்லைத் தம்பி, பிரச்சினை இல்லை" என்றாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "சரி தம்பி, வைக்கிறன்" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. முழுவதும் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. 2022 ஆடி மாதம், இரவு 9.20.

விடியப்புறம் மூன்று மணியளவில் ரோசிக்கு வலிப்பு வந்தது.

நான் சொன்னதில் பிழை இல்லை. அதை இப்போதும் சொல்வேன். நாயின் இரத்தத்தில் இருக்கிற சீனியில் 100க்கு 87 பங்களவு நீர்ப்பகுதியில்தான் இருக்கும். மனிதரில் அது 58 பங்களவு, மிச்சம் சிவப்பணுக்களுக்குள். மனிதருக்குக் கணக்குப் போட்டுச் செய்த மிசினில் நாயின் இரத்தத்தை வைத்தால் அது பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்துத்தான் சொல்லும். 61 என்றால் உண்மையில் 75, 80 இருக்கலாம். சுகமாக இருக்கிற நாய்க்கே 80 முதல் 120 வரைதான். ஒரேயொரு எண்ணைப் பார்த்துவிட்டு ஊசியின் அளவை மாற்றாதே என்பதும் பேராதனை மிருக வைத்திய பீடத்தில் எங்களுக்குப் படிப்பித்ததுதான். இரண்டும் சரியான விதிகள். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் அந்த இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ரோசியின் வருத்தத்தை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, அம்மாதான். வளவில் அது சலம் விட்ட இடமெல்லாம் எறும்பு மொய்க்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். தண்ணிச் சட்டியை ஒரு நாளில் நாலு தரம் நிரப்ப வேண்டியிருக்கிறது, சாப்பிடுகிறது, ஆனால் விலா எலும்பு தெரிகிறது என்றார். "எனக்கு உள்ள சீனி வருத்தம்தான் இதுக்கும் வந்திருக்கு டொக்டர், எழுதி வையுங்கோ." அப்போது நான் டொக்டர், தம்பி ஆனது பிறகு. அவருடைய மிசினில்தான் அன்றைக்கே பார்த்தோம். சுவிசில் இருக்கிற மகன் அவருக்காக அனுப்பியது. 438.

தன்னுடைய கிளினிக் குளிசையில் பாதியைக் கொடுக்கலாமா என்று கேட்டார். நாயில் இன்சுலின் சுரக்கிற கலங்களே அழிந்து போவதால் குளிசை வேலை செய்யாது, ஊசிதான், 12 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், வாழ்நாள் முழுக்க என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு நானே போடுறனான், அதுக்குப் போட ஏலாதே?" என்றார்.

எங்கள் பணிமனையில் நாயை வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இரத்தம் எடுக்க வழியில்லை. மாடுகளுக்கே நேரம் போதாது. முச்சக்கர வண்டியில் ஏற்றி, வெயிலில் இறக்கி, மற்ற நாய்கள் குரைக்கிற இடத்தில் பயந்துபோய் நிற்கிற நாயில் எடுக்கிற எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. அதனால் வீட்டிலேயே பார்க்கப் பழக்கினேன். பழக்கினேன் என்று எழுதுகிறேன், உண்மையில் இரண்டாம் நாளே என்னைவிட நன்றாகச் செய்தார். சுடுதண்ணியில் துணியை நனைத்துப் பிழிந்து காதைச் சூடாக்குவார். காதுமடலின் உட்பக்கம் பஞ்சை வைத்துப் பிடித்துக்கொண்டு, வெளி ஓரமாக ஓடுகிற மெல்லிய இரத்த நாளத்துக்குப் பக்கத்தில் ஒரு குத்து. கடுகளவு இரத்தம் முத்தாக எழும்பும். அது உடைந்து மயிருக்குள் பரவுவதற்கு முன் ஸ்ட்ரிப்பின் நுனியைக் கொண்டுபோய்த் தொடுவார், தானாக உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சால் அமத்திப் பிடித்தபடி ரோசியின் மற்றக் காதுக்குள் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். முடிந்ததும் அவித்த மீனில் ஒரு சின்னத் துண்டு. கொஞ்ச நாளில் மிசின் பையின் சிப் திறக்கிற சத்தம் கேட்டாலே ரோசி வந்து அவர் மடியில் தலையை வைக்கும்.

காலை 6.30, பின்னேரம் 6.30. முதலில் எண், பிறகு அளந்த பேணியில் சாப்பாடு, பிறகு ஊசி. கொப்பியில் கோடு போட்டுக் கொடுத்தேன்: திகதி, நேரம், எண், எத்தனை யூனிட். 14 கிலோ நாய்க்கு 4 யூனிட்டில் தொடங்கி, படிப்படியாக 7க்குப் போனோம். இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்த காலம், ஸ்ட்ரிப் என்ன விலை விற்றது என்று எல்லோருக்கும் தெரியும். தனக்குப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பார்த்தார். கரண்ட் இல்லாத நாட்களில் இன்சுலின் போத்தலை மண்முட்டிக்குள் ஈர மணலில் இறக்கி வைத்தார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனியில் ரோசிக்குக் கருத்தடை ஒபரேசன் செய்தேன். காலத்துக்கு வந்த பிறகு பெட்டை நாயில் சுரக்கிற ஹோர்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது. கர்ப்பப்பையையும் சூலகத்தையும் எடுத்தால் அந்தத் தடை போய்விடும். போனால் அதே 7 யூனிட் கூடிப்போகும். இதையும் நான் அறிவேன். அம்மாவிடமும் சொன்னேன், "இனி எண் இறங்கப் பாக்கும், கவனமா எழுதுங்கோ" என்று. எழுதினார். 280, 264, 231, 240, 190, 172. வாராவாரம் போனில் வாசித்தார். "நல்லா வருது அம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒபரேசனுக்குப் பிறகு ஊசியைக் குறைத்தேனா? அடுத்த கிழமை நேரில் பார்த்துவிட்டுக் குறைப்போம் என்று நினைத்தேன். அந்த அடுத்த கிழமை பெற்றோல் இல்லை.

பெற்றோல் இல்லை என்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொன்னேன். மேலதிகாரி கேட்டபோதும், அம்மாவின் மகள் கேட்டபோதும். பொய் இல்லை. எத்தனை நாள் வரிசையில் நின்றோம், எத்தனை மாட்டை நேரத்துக்குப் போய்ப் பார்க்க முடியாமல் போனது, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த மாதம் போனில்தான் வைத்தியம் பார்த்தேன். அதில் எத்தனையோ நன்றாகவும் முடிந்தன.

ஆனால் பல் முரசில் சீனித் தண்ணீர் தடவுங்கள் என்று சொல்லப் பெற்றோல் தேவையில்லை. "சாப்பிட்டதா?" என்று கேட்கத் தேவையில்லை. "எழும்பி நிக்குதா, தள்ளாடுதா?" என்று கேட்கவும் தேவையில்லை.

இதுவும் இல்லை என்னை அரிப்பது. ரோசியின் எண் எப்போதும் 6.30க்குத்தான் வரும். காலை, பின்னேரம். அத்தனை மாதத்தில் அம்மா வேறு நேரத்தில் காதைக் குத்தியதே இல்லை. ஸ்ட்ரிப்பை எண்ணி எண்ணிச் செலவழித்தவர். அப்படிப்பட்டவர் இரவு 9.20க்கு, கரண்ட் இல்லாத இருட்டில், குப்பி விளக்கில் ஒரு ஸ்ட்ரிப்பைப் பிரித்திருக்கிறார். ஏன்? அவர் எதையோ கண்டிருக்கிறார். நடையில், கண்ணில், படுத்திருந்த விதத்தில் ஏதோ ஒன்று. எறும்பைக் கண்டு வருத்தத்தைச் சொன்னவருடைய கண் அது. அதைச் சொல்வதற்குத்தான் எடுத்தார். ஆனால் எண்ணைத்தான் டொக்டர்மார் கேட்பார்கள் என்று பழக்கியது யார்? கோடு போட்டு நாலு நிரல் கொடுத்தது நான். அதில் "ரோசி எப்படி இருக்கிறது" என்று எழுத ஒரு நிரல் இல்லை. அவர் எண்ணைச் சொன்னார். நான் எண்ணுக்குப் பதில் சொன்னேன்.

அந்த 61ஐயும் நான் நேரத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஊசி போட்டு மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்த இன்சுலின் முழு வேகத்துக்கு வருவது அதற்குப் பிறகாகவும் இருக்கலாம். மிசின் குறைத்துக் காட்டுகிறது, உண்மையில் 78 என்றே வைத்துக்கொள்வோம். 78இல் நிற்கிற நாய் வேறு, 78ஐத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருக்கிற நாய் வேறு. ஒரு மாணவன் என்னிடம் கேட்டிருந்தால் இதை நித்திரையிலும் சொல்லியிருப்பேன்.

சில வேளை எனக்கு எதிர்ப்பக்கமும் தெரிகிறது. அதற்கு முன் அம்மா பயந்து எடுத்த அழைப்புகள் கொஞ்சமில்லை. 310க்கு எடுத்தார், 95க்கு எடுத்தார், ஒரு நாள் மிசின் எழுத்தில் ஏதோ காட்டியது என்று எடுத்தார் (பற்றரி முடிந்திருந்தது). பயத்தில் சீனியைக் கொடுத்து, எண் ஏறி, அந்த ஏற்றத்தைப் பார்த்து நான் ஊசியைக் கூட்டினால் அது இன்னொரு ஆபத்து. அவரைப் பயப்படாமல் இருக்கப் பழக்குவதும் என்னுடைய வேலைதான் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். ஆனால் "பயப்பிடாதேங்கோ" என்று சொன்னது அவருக்காகவா, அந்த நேரத்தில் போனை வைக்க விரும்பிய எனக்காகவா என்று கேட்டால் என்னிடம் நேரான பதில் இல்லை.

மூன்று மணிக்கு அவர் எனக்கு அடிக்கவில்லை. தன்னுடைய கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளை எப்போதோ சொன்னதை நினைத்துக்கொண்டு, சீனியைக் கரைத்து, வலிப்பு அடங்கும் வரை விரலால் முரசில் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார். வாய்க்குள் ஊற்றவில்லை, ஊற்றியிருந்தால் நெஞ்சுக்குள் போயிருக்கும். விரலில் இரண்டு இடத்தில் பல் பட்டிருந்தது. காலையில் நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது ரோசி விறாந்தையில் படுத்திருந்தது, வாலை மட்டும் ஆட்டியது. எண் 214. ஊசியை 4க்குக் குறைத்தேன். அம்மா தேத்தண்ணி தந்தார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "நீங்கள் சொன்னது சரிதானே தம்பி, மிசின் குறைச்சுத்தானே காட்டும்" என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் இரவில் எனக்கு அடித்ததே இல்லை. பகலில் அடிப்பார், எண் சொல்வார், சிரிப்பார். இரவில் இல்லை. நம்பிக்கை போனதா, எனக்குக் கரைச்சல் தரக்கூடாது என்று நினைத்தாரா, இனித் தானே பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிவா? மூன்றாவதாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ரோசி அதன் பிறகு ஒன்றரை வருடம் இருந்தது. கண்ணில் வெள்ளை விழுந்து பார்வை போனது. சீனி வருத்தம் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அது வருவதுதான். பார்வை போன பிறகும் கிணற்றடிக்கும் குசினிக்கும் தட்டுப்படாமல் போய் வந்தது. 2023 மார்கழியில் செத்தபோது கொப்பியை என்னிடம் தந்தார், வேறு ஆட்களுக்குக் காட்டிப் பழக்க உதவும் என்று. அந்தத் திகதியைத் தேடினேன். 9.20, 61 என்று இருந்தது. யூனிட் நிரல் வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில், சின்னதாக, பென்சிலில்: "தம்பி பயப்பிட வேண்டாம் எண்டவர்." அதற்கு அடுத்த நாளிலிருந்து ஐந்தாவது நிரல் ஒன்றைத் தானே கோடு கீறியிருந்தார். தலைப்பு "நடை". கீழே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சொல்: நல்லம், நல்லம், சோர்வு, நல்லம்.

இப்போது எல்லோருக்கும் வேறு மாதிரிச் சொல்கிறேன். மிசினில் 70க்குக் கீழே காட்டினாலோ, எண் என்னவாக இருந்தாலும் நாய் தள்ளாடினாலோ, முதலில் முரசில் சீனி, பிறகு எனக்குப் போன். இதுதான் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மல்லாவிப் பக்கம் ஒருவர், நாய் மத்தியானம் அசந்து தூங்கினாலே சீனி தடவி, இரண்டு கிழமையாக எண் 400க்குக் கீழே இறங்கவே இல்லை. நாய் தண்ணீராய்க் குடித்து மெலிந்துபோனது. அவரிடம் போனில், "பயப்பிடாதேங்கோ அண்ணை" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பிறகு நேரே போனேன்.

இந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் அம்மாவைக் கண்டேன். சனத்துக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பெற்ற அம்மாவின் முழங்கால் எப்படி, எனக்கு வேலையில் இடமாற்றம் வந்துவிட்டதா என்றெல்லாம் கேட்டார். அன்றைக்கு ஏன் அந்த நேரத்தில் பார்த்தீர்கள், லைன் விட்டு விட்டுக் கேட்டபோது என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்க அதைவிட நல்ல நேரம் வராது. "புதுசா ஒரு குட்டி எடுத்தனீங்களோ அம்மா?" என்றுதான் கேட்டேன். "இன்னும் இல்லைத் தம்பி" என்றார். நேர்த்திப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு யாரோ எங்களுக்கு நடுவால் போனார்கள், நாங்கள் விலகி வழி விட்டோம்.