ஒரு புள்ளி

நேற்றிரவு நான் சொன்ன சித்தார்த்தன் கதையை இன்று காலை மகள் தன் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதில் பேசும் குதிரை ஒன்று வந்துவிட்டது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. "போகாதேன்னு குதிரை அழுதுச்சு" என்கிறாள், கூடவே இருந்து பார்த்தவள் போல.

எனக்குத் திருத்த மனம் வரவில்லை.

இதே கதை இதைவிடப் பெரிதாக மாறியிருக்கிறது. அரபு எழுத்தில் கீழே ஒரு புள்ளி வைத்தால் ப, இரண்டு வைத்தால் ய. புத்தராகப் போகிறவரைக் குறிக்கும் போதிசத்துவர் என்ற சொல் அரபியில் பூதாசஃப் ஆனது, பிரதி எடுத்த யாரோ ஒருவர் கையில் அந்தப் புள்ளி மாறி யூதாசஃப் ஆனது, அப்புறம் ஜார்ஜியம், கிரேக்கம் எனக் கடந்து லத்தீனுக்குப் போனபோது யோசபாத் என்ற கிறிஸ்தவ இளவரசராகவே ஆகிவிட்டார். 16-ஆம் நூற்றாண்டில் ரோமத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் நவம்பர் 27-இல் அவர் பெயர் இருந்தது! இது புத்தரின் கதைதான் என்று அறிஞர்கள் விரிவாக நிறுவியது 19-ஆம் நூற்றாண்டில்.

இதில் யாரும் ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போன ஒரு மனிதனை அத்தனை பேருக்கும் பிடித்திருந்தது, தங்கள் மொழியில், தங்கள் சாமியோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டார்கள். வரலாறு எது என்று தேடுவதும் எனக்கு முக்கியம்தான், ஆனால் அந்தப் பிரியத்தையும் சேர்த்தே தேட வேண்டும்.

இரவு மகனுக்கு அதே கதையைச் சொன்னேன்.

பாதியில் நிறுத்தினான். "குதிரை எங்கப்பா?"