எஞ்சின் அவர்களுடையது, கேம் நம்முடையது

ஆகஸ்ட் 14, 2020, எபென், மொரிஷியஸ்

எழுந்ததும் போனில் இதே பேச்சு. ஃபோர்ட்நைட் கேமுக்குள் அதைச் செய்த எபிக் கம்பெனி நேற்றுத் தன் சொந்தக் கல்லாவைத் திறந்துவிட்டது, அதில் பணம் கட்டினால் ஆப்பிள் எடுக்கும் 30 சதவீதக் கமிஷன் கிடையாது. அன்றைக்கே ஆப்பிள் கேமைத் தன் ஆப் கடையிலிருந்து தூக்கிவிட்டது, கூகுளும் தூக்கியது, எபிக் இருவர் மேலும் வழக்குப் போட்டுவிட்டது. ஆபீஸில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பாதிப் பேர் மஹேபூர் கரையில், தரைதட்டிய வாகாஷியோ கப்பலிலிருந்து கடலில் கொட்டிய எண்ணெயைத் தடுக்கக் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 18

இப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. 28ஆம் தேதியோடு எபிக்கின் டெவலப்பர் கணக்குகள் எல்லாவற்றையும் மூடுவோம், ஐஓஎஸ், மேக் கருவிகளையும் தரமாட்டோம் என்று ஆப்பிள் சொல்லியிருக்கிறதாம். எல்லாம் என்றால், கேம் செய்ய எபிக் தரும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினும்தான்! நாங்கள் ஐபேடுக்குச் செய்யும் குழந்தைகள் கேம் அதில்தான் ஓடுகிறது. கேமுக்குள் ஒரு காசு வாங்குவதில்லை, ஃபோர்ட்நைட்டுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இன்றைக்கு பில்ட் (ஐபேடில் ஓடும் கோப்பு) எடுத்தால் வரும், அது பிரச்சினை இல்லை. ஐஓஎஸ் 14 வரப்போகிறது, அப்புறம் ஆப்பிளின் ஆப் செய்யும் கருவியான எக்ஸ்கோட் புதிதாக வரும், அதில் ஏதாவது உடைந்தால் எஞ்சின்காரர்தான் சரிசெய்ய வேண்டும், அவர் கையிலேயே கருவி இல்லை என்றால் யாரிடம் போவது? யூனிட்டி என்ற வேறு எஞ்சினுக்கு மாறலாமே என்று ஒருவன் சொன்னான். மாடலும் ஒலியும் கூட வரும். அன்ரியலுக்கே உரிய ப்ளூபிரிண்ட்டில் எழுதிய லாஜிக், மெட்டீரியல், லைட்டிங் எல்லாம் முதலிலிருந்து.

"தம்பி, அக்ரிமெண்ட்ல இதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று அண்ணன் கேட்டார். இருக்கும் வழி, அப்படியே எடுத்துக்கொள் அல்லது போ.

ஆகஸ்ட் 24

மைக்ரோசாஃப்ட் எபிக்குக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறது. அவர்களுடைய ஃபோர்ஸா ஸ்ட்ரீட் கேமும் ஐபோனில் அன்ரியலில்தான் ஓடுகிறது. அவ்வளவு பெரிய கம்பெனியே எஞ்சினுக்காகக் கோர்ட் படி ஏறுகிறது என்று பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு, கூடவே கொஞ்சம் பயம்.

ஆகஸ்ட் 25

விசாரணை நம் நேரத்துக்கு விடியற்காலை இரண்டு மணிக்கு. நான் தூங்கிவிட்டேன், தீர்ப்பைக் காலையில்தான் படித்தேன். நீதிபதி இவோன் கொன்சாலெஸ் ரோஜர்ஸ் இரண்டையும் பிரித்துவிட்டார். ஃபோர்ட்நைட்டைத் திரும்பச் சேர்க்க வேண்டாம், அது எபிக் தானாகத் தேடிக்கொண்ட வினை. எஞ்சினைத் தொடக்கூடாது, ஏனென்றால் ஆப்பிளோடு அதன் ஒப்பந்தம் எபிக் இன்டர்நேஷனல் என்ற வேறு கம்பெனியின் பெயரில் இருக்கிறது, அது மீறப்படவில்லை.

தற்காலிகத் தடைதான், சரி. ஆனாலும் எபிக் மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. எங்கள் கேம் பத்து லட்சம் டாலர் தாண்டினால் 5 சதவீதம் கேட்பவர்கள் (தாண்டவா போகிறது!), சண்டைக்குப் போகுமுன் எஞ்சினை ஒதுக்கி வைத்திருக்கலாம். ஆப்பிள் அதைவிட மோசம், மிரட்டப் பிடித்த கழுத்து எங்களுடையது.

ஆகஸ்ட் 29

நேற்று எபிக்கின் கணக்கை மூடிவிட்டார்கள், அன்ரியல் தப்பியது. கறுப்புச் சட்டையோடு, எண்ணெய்க் கசிவைக் கண்டித்த போர்ட் லூயி ஊர்வலத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன், கால் வலிக்கிறது. எஞ்சின் சோர்ஸ் கோடை நம் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வைத்தாயிற்று, மாடல்களை வேறு எஞ்சினிலும் திறக்கும் எஃப்பிஎக்ஸ் கோப்புகளாகவும். அடுத்த வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் எஞ்சின் நின்றுபோனால் கெடு நீளும் என்று ஒரு வரி சேர்க்க வக்கீலிடம் கேட்க வேண்டும். திங்கட்கிழமை பார்க்கலாம்.