வகிடு

காலை ஆறு மணிக்கெல்லாம் என் மனைவி மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுவாள். செவிலியருக்குக் காலை ஷிப்ட் அப்படித்தான் அமைகிறது. அதன்பின் ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன் தெருமுனையில் வந்து நிற்கும்வரை, ஒன்பது வயதுப் பெரியவளும் ஆறு வயதுச் சின்னவளும் என் பொறுப்பு. இட்லி வேக வைப்பதும், தண்ணீர்ப் பாட்டிலை நிரப்புவதும், காணாமற்போன ஒற்றைச் சாக்ஸைக் கட்டிலுக்கடியில் தேடி எடுப்பதும் பத்து நாளில் கைவந்துவிட்டன. தலை பின்னுவதுதான் வரவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அடுக்கடுக்காக விரித்த துணியைக் கோடு பிசகாமல் வெட்டவைக்கும் எனக்கு, ஒரு குழந்தையின் உச்சந்தலையில் நேராக ஒரு வகிடு எடுக்க முடியவில்லை என்பது முதல் வாரம் முழுவதும் அவமானமாகவே இருந்தது.

துணி அசையாது, தலை அசையும் என்பதுதான் சிக்கல் என்று பிறகு புரிந்தது. சீப்பின் முனையை மூக்குக்கு நேராக நெற்றியில் வைத்து, பிடரிவரை ஒரே இழுப்பில் கொண்டுபோக வேண்டும். நடுவில் நிறுத்தினால் கோணிவிடும். எண்ணெய் குறைந்தால் சிக்கு விடாது, கூடினால் பின்னல் வழுக்கி, மதிய உணவுக்கு முன்பே ரிப்பன் அவிழ்ந்து தொங்கும். காங்கயத்துக் களங்களில் காய்ந்த தேங்காயை ஆட்டிய எண்ணெய் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்புவது, அதில் நான்கு சொட்டுப் பெரியவளுக்கு, சுருட்டை முடி என்பதால் ஏழு சொட்டுச் சின்னவளுக்கு. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சின்னவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அம்மா பின்னறத விட அப்பா பின்னறது நல்லா இறுக்கமா இருக்குதுங்ப்பா" என்றாள். ஏற்றுமதித் துணியில் ஒரு பீஸ்கூடத் திரும்பி வராத மாதங்களில் முதலாளி கைகுலுக்கியிருக்கிறார். அப்போதெல்லாம் இவ்வளவு மகிழ்ந்ததாக நினைவில்லை. இதை மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். மாலையே சின்னவள் சொல்லிவிட்டாள்.

பின்னல் கைவந்தபோது நான் எதிர்பாராத வேறொன்றும் சேர்ந்து வந்தது. குழந்தைகள் முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்லாததையெல்லாம், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது சொல்கிறார்கள். கேட்பவனின் முகம் தெரியாததால் அவன் கோபப்படுகிறானா சிரிக்கிறானா என்ற கவலை அவர்களுக்கு இல்லை போலும். யாருடைய பென்சில் டப்பாவை யார் ஒளித்துவைத்தார்கள், கணக்கு டீச்சர் ஏன் அழுதார், எந்தத் தோழி இன்றுமுதல் தோழி இல்லை என்பதெல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும். ஒரு நாள் பெரியவள் அதே குரலில், வேனில் புதிதாக வந்த உதவியாள் அண்ணன் தினமும் தன் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார் என்றாள். என் விரல்கள் நின்றுவிட்டன. குரலை மாற்றாமல், "எதுக்கு கண்ணு தூக்கிவிடறாரு?" என்று கேட்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பள்ளி வாசலில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருக்கிறார்களாம்; எல்லாக் குழந்தைகளையும் அப்படித்தான் தாண்டவைக்கிறாராம். அன்று வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போய்ப் பள்ளத்தைப் பார்த்தேன், அந்த இளைஞர் குழந்தைகளை ஒவ்வொருவராகத் தாண்டவைப்பதையும் ஒளிந்து நின்று பார்த்தேன். இருபது வயதிருக்கும், வியர்த்துக்கொட்ட நின்றிருந்தார். சந்தேகப்பட்டதற்காக அவரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் மறுபடி அப்படி ஒன்று காதில் விழுந்தால் மறுபடி போய் ஒளிந்து நின்று பார்ப்பேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 1098 என்ற உதவி எண்ணை இரண்டு பேரும் ஒப்பிப்பார்கள். தப்பான தொடுதல் எது என்று பள்ளியிலும் வீட்டிலும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இருந்தும், இந்தக் காலைநேரப் பேச்சைவிட நம்பகமான காவல் எனக்கு வேறு தெரியவில்லை.

அதனாலேயே, இவர்கள் இன்னும் எத்தனை ஆண்டு என் முன்னால் உட்காருவார்கள் என்ற எண்ணம் சீப்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம் வருகிறது. எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளாகிவிட்டால் அப்பன் சற்று எட்டத்தான் நிற்பான். அக்கா வயதுக்கு வந்தபோது தென்னங்கீற்றில் குடிசை கட்டி அவளைத் தனியே உட்காரவைத்ததும், மாமன் சீர் வந்ததும், பந்தல் போட்டு ஊருக்கே சோறு போட்டதும் எனக்கு நினைவிருக்கின்றன. அந்தப் பதினாறு நாளும், அதற்குப் பிறகும், அப்பா அவளிடம் நேராகப் பேசியதாக நினைவில்லை. வேண்டியதை அம்மா வழியாகவே கேட்டுக்கொண்டார். என் மனைவி செவிலி என்பதால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு முன்கூட்டியே நடந்துவிட்டது: ஒரு பழைய நோட்டில் படம் வரைந்து, உடம்பில் என்ன நடக்கும், எதற்காக நடக்கும் என்று பெரியவளுக்குச் சொல்லிவிட்டாள். ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் போட வேண்டிய கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியின் முதல் தவணையும் போட்டாயிற்று. ஊசி போடும்போது அவள் அழவில்லை. பக்கத்தில் நின்ற நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒரு பையன் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று ஒறம்பரை (உறவினர்) வீடுகளில் கேட்பதைப் பற்றி விரிவாக எழுத எதுவும் இல்லை. இரண்டாவதும் பெண் என்று தெரிந்தபோது ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். நான் ஆறுதல் கேட்டிருக்கவில்லை.

பணக் கவலை வேறு வகை. இரண்டு பேருக்கும் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்கியிருக்கிறேன். 2015இல் வந்த திட்டம் அது. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம்வரை கட்டலாம், பதினைந்து ஆண்டு கட்டினால் இருபத்தோராம் ஆண்டில் முதிர்வடையும். ஷிப்மெண்ட் நெருக்கும் மாதங்களில் ஓவர்டைம் பணம் அப்படியே அதில் போகும்; ஆர்டர் இல்லாத மாதங்களில் ஐந்நூறு ரூபாய் போடவே கை யோசிக்கும். கணக்குத் தொடங்கிய அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், "கல்யாணச் செலவுக்கு ஆகும்ல" என்று பேச்சுக் கொடுத்தார். பதினெட்டு வயதானால் படிப்புக்குப் பாதிவரை எடுக்கலாம் என்பதற்காகத்தான் நான் தொடங்குகிறேன் என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

இதுவரை எழுதியதெல்லாம் என் பெண்களுக்காக நான் படும் கவலைகள். சென்ற பொங்கலுக்குப் பிறகு வந்த கவலைதான் அவர்கள் எனக்குக் கொடுத்தது.

தாராபுரம் சாலையில் காங்கயத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைத்துக் காப்புக் கட்டி, பட்டிப் பொங்கல் முடிந்த மறுநாள், பூப்பறிக்கிற நோம்பி. பெண்களும் குழந்தைகளும் கட்டுச்சோற்றைக் கூடையில் எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போய், ஆவாரம்பூப் பறித்து, கும்மி கொட்டிவிட்டு வருவார்கள். அக்கா தன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கும் என் பெண்களுக்கும் ஆகிவந்த ஒன்று கும்மி. பெரியவள் ஞாயிறுதோறும் வள்ளி கும்மிப் பயிற்சிக்குப் போகிறாள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்தவர் என்று கோவை பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்த செய்தியை அக்காதான் அவளுக்குப் படித்துக் காட்டினாள். தான் சிறுமியாக இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து பார்க்க மட்டும்தான் விட்டார்கள் என்றும் சொன்னாளாம்.

மேய்ச்சல் நிலமான எங்கள் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடந்தது. கிளுவை வேலியை ஒட்டி நடந்தபடியே அக்கா, எந்த வெள்வேல் மரத்தடியில் ஆட்டுக்குட்டி ஈன்றது, எந்தப் பாறையில் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு வந்தாள். கிணற்று மேட்டில் நிற்கும் வேம்பு அவள் நட்டது. ஏழாம் வகுப்பு விடுமுறையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தாள். அப்போது சின்னவள், "அப்படின்னா இது அத்தை காடா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள்.

திருப்பூர் திரும்பி ஒரு வாரம் கழித்து, பெரியவளுக்கு வகிடு எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் தொடங்கினாள்.

"ஏனுங்ப்பா, நானும் பாப்பாவும் பெருசாகிப் போயிட்டா, நம்ம வீடு யாருக்கு?"

"உங்க ரெண்டு பேருக்குத்தான் சாமி."

"அப்ப அத்தைக்கு ஏன் இல்லை?"

அன்று வகிடு கோணிவிட்டது. அப்படியே பள்ளிக்குப் போனாள்.

2012இல் பெரியப்பாவும் அப்பாவும் பூர்வீகக் காட்டைப் பாகம் பிரித்தபோது, அக்காவைப் பேருந்தில் வரவழைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். பத்திரத்தில் அவள் ஒரு தொகை பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறது. அவள் பெற்றுக்கொண்டது ஒரு பட்டுச் சேலையும், மதியச் சாப்பாடும், திரும்பிப்போகப் பேருந்துக் கட்டணமும். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989லேயே வந்துவிட்டது. 2005இல் நாடு முழுமைக்கும் வந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம், 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, அந்த உரிமை பிறப்பிலேயே வருவது என்று தெளிவாக்கியது. 2007இல் மணமான அக்காவின் உரிமையில் எந்தக் குழப்பமும் இருந்திருக்க வழியில்லை. அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லிக்கொள்வது பாதி உண்மைதான். பத்திரம் எழுதுபவர், "பொண்ணு கையெழுத்து இல்லைன்னா பின்னால வில்லங்கம் வரும்" என்றபோதே, உரிமை இல்லாதவளின் கையெழுத்து எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு என் கல்யாணத்தில் இணைச்சீருக்கு அதே அக்காவை, அதே சேலையில், மணவறையில் என்னோடு நிறுத்தி ஊரே பார்க்க மரியாதை செய்தோம். எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவளுக்குச் செய்யும் சீர்களை எண்ணினால் விரல் போதாது. சீரைக் கணக்குப் போட்டுக் காட்டித்தான் காட்டை மறக்கடிக்கிறோம் என்று இப்போது நினைக்கிறேன்; கடுமையாக இருந்தாலும் இருக்கட்டும்.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். தான செட்டில்மெண்ட் பத்திரம் எழுதி அவள் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதற்கு வழி இருக்கிறது என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கெதுக்கு தம்பி காடு? நோம்பிக்கு வந்தா வாங்கன்னு சொல்ல ஒரு வீடு இருந்தாப் போதும்" என்றாள். கேட்டால் அந்த வீடு போய்விடும் என்று பயந்துதான் அன்றும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மனைவி ஒரே சொல்லில், "எழுதிக் குடுங்க" என்றாள். அப்பாவிடம் பேசியபோது அவர், "அவதான் விட்டுக் குடுத்துட்டாளே" என்றார். விட்டுக்கொடுத்தாளா, விடவைத்தோமா என்று கேட்டேன். எழுந்து ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டார். அவர் பெயரில் உள்ள பாகத்தில் அவர் கையெழுத்தில்லாமல் ஒரு சென்ட் நிலமும் நகராது.

போன சனி, ஞாயிறு பிள்ளைகளை ஊரில் விட்டிருந்தோம். திங்கட்கிழமை காலை பின்னலுக்கு உட்கார்ந்த பெரியவள் அப்பாருவோடு (என் அப்பாவைத்தான் அப்படி அழைப்பாள்) காட்டுக்குப் போன கதையைச் சொன்னாள். கைத்தடியால் அளந்து அளந்து நடந்தாராம். பெரியப்பா காட்டு எல்லைக் கல்லைக் காட்டினாராம். பிறகு கிணற்று மேட்டில் வேம்படியில் நின்று, இங்கே குறுக்காக ஒரு கல் நட்டால் மரம் எந்தப் பக்கம் விழும் என்று அவளைக் கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"கிழக்குப் பக்கம்னு சொன்னேனுங்ப்பா. அப்பாரு ஒண்ணும் பேசலை. வேப்பம்பழம் பொறுக்கிக் குடுத்தாரு."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்தாள். தலையை ஆட்டாதே என்று சொல்லி, சீப்பை மறுபடி நெற்றியிலிருந்து எடுத்தேன்.