"புறம்போக்கா தம்பி?"

"அப்படியென்றால் இது புறம்போக்கா தம்பி?" என்று அக்கா கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. வேறு எதைச் சொன்னேன், எதைச் சொல்லவில்லை என்பதெல்லாம் கலங்கிவிட்டது. சிரித்தது மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது.

2014-ஆம் ஆண்டு. ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியிருந்தது. அந்தப் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் இருந்த கணினிக்கு ஒரே ஒரு ஜிபி நினைவகம். புதிய விண்டோஸை ஏற்றினால் மூச்சு வாங்கும். லினக்ஸ் வகையைச் சேர்ந்த லுபுண்டு 14.04 என்ற இலவச இயங்குதளத்தையும், வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபிஸையும் போட்டுக் கொடுத்தேன். எழுத்தர் ஐயா, "செலவு ஒன்றும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார். கணினியில் உட்காருபவர் அவரல்ல, அங்கே தட்டச்சு செய்யும் அக்கா.

"இது எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லை அக்கா. உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சேர்ந்து செய்தது."

"சொந்தக்காரர் யார்?"

"எல்லோருக்கும் சொந்தம்."

"பட்டா யார் பெயரில் இருக்கிறது?"

அதற்குப் பிறகுதான் அந்தப் புறம்போக்கு. கேலியாகக் கேட்கவில்லை. இருபது வருடமாகக் கிரயமும் அடமானமும் தானமும் தட்டச்சு செய்கிறவர். ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று வாரத்துக்கு நாலு தடவையாவது விரல் அந்தச் சொல்லில் விழும். எல்லோருக்கும் சொந்தமான நிலத்துக்குப் பட்டா கிடையாது. அதில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் கணக்கில் அது சரியான கேள்வி. எனக்குத்தான் அந்தச் சொல் தெருச் சண்டையில் வீசப்படும் வசவாக மட்டும் கேட்டது.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். "பழையது திருட்டுப் பிரதி அக்கா, இது முறையானது" என்று விளக்கத்தான் செய்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதையும் நீதானே போட்டுக் கொடுத்தாய்?" என்றார். ஆமாம், நானேதான். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டேன். அந்த இடத்தில் நான் பேச்சை மாற்றி, மெனுப் பட்டியலில் இருந்த தமிழைக் காட்ட ஆரம்பித்தேன். முழு இடைமுகமும் தமிழில் வரும்படி செய்திருந்தேன், அதில் எனக்குப் பெருமை வேறு.

அங்கேயும் சறுக்கல். 'கோப்பு' என்றால் அவருக்கு நாடா கட்டிய காகிதக் கட்டு. 'கோப்பை மூடு' என்றால் விவகாரம் முடிந்துவிட்டது என்று பொருள். நாளை பதிவுக்குப் போக வேண்டிய பத்திரத்தை இன்றே எப்படி மூடுவது? ஒரு நாள் மாலை கணினியை அப்படியே ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். 'சேமி' என்பதைப் பார்த்து, "சேமிப்பது பணத்தை. இதைப் பத்திரப்படுத்து என்றல்லவா போட்டிருக்க வேண்டும்?" என்றார். அதைவிட நல்ல சொல்லை நான் இன்றுவரை பார்க்கவில்லை. நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்ற பொருளில் 'திறந்த மூலம்' என்று நான் சொன்னபோது, "மூலப் பத்திரத்தை யாராவது திறந்துபோட்டு வைப்பார்களா?" என்று கேட்டார். நல்லவேளை, பேருந்து நிலையச் சுவரில் 'மூலம், பௌத்திரம்' என்று எழுதியிருக்குமே, அந்த மூலத்துக்கு அவர் போகவில்லை. கலைச்சொல் ஆக்குகிறவர்கள் அந்தச் சுவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

நாலாம் நாள் தொலைபேசி வந்தது. "தம்பி, இது என்னைத் திருத்துகிறது."

பாமினி எழுத்துருவில் தட்டுகிறவர்களுக்கு இது புரியும். கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்பது அதற்கு நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். சின்ன 'ஜே' என்றால் த, பெரிய 'ஜே' என்றால் து. ஆங்கில வாக்கியம் என்று எண்ணிக்கொண்ட மென்பொருள், வரியின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிதாக்கியது. சொத்து விவரம் தொடங்கும் இடத்தில் அக்கா 'தபசில்' என்று தட்டுகிறார். இடைவெளிப் பட்டையைத் தட்டியதும் அது 'துபசில்' ஆகிறது. வரி 'மகன்' என்று தொடங்கினால் 'முகன்'. அழித்துவிட்டு மறுபடி தட்டினாலும் அதே கதை. பழைய வேர்டில் இந்த வசதியை நான் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தேன், நிறுத்தியதையே மறந்திருந்தேன்.

"அது தானியங்கித் திருத்தம் அக்கா. கருவிகள் பட்டியலுக்குப் போய்…" என்று ஆரம்பித்தேன்.

"அதைக் கேட்கவில்லை. யார் திருத்துகிறார்கள்?"

பத்திரத்தில் ஓர் எழுத்தை அடித்து எழுதினாலும் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். கையெழுத்தில்லாத திருத்தம் நீதிமன்றம் வரைக்கும் போகும். சொந்தக்காரர் இல்லாத ஒன்று, கேட்காமல், கையெழுத்துப் போடாமல் அவருடைய பத்திரத்தில் கை வைக்கிறது. நான் அன்று மாலையே போய் இரண்டு நிமிடத்தில் சரிசெய்தேன். அதற்குள் ஒரு முத்திரைத்தாள் 'துபசில்' என்று அச்சாகி வீணாகியிருந்தது. அதன் விலையை எழுத்தர் ஐயா யாரிடம் பிடித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு வேலையாகப் பதிவு அலுவலகம் எதிரே இருந்த டிடிபி கடைக்குப் போனேன். அக்கா அங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார், பக்கத்தில் பென் டிரைவ். மதிய உணவு நேரத்தில் வந்து, மணிக்கு இவ்வளவு என்று தன் காசைக் கொடுத்து, முக்கியமான பத்திரங்களை எக்ஸ்பியிலேயே முடித்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "உன்னுடையதும் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாம் சரிசெய்த பிறகும் ஏன் இப்படி? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

சொல்லித்தான் இருந்தார், முதல் நாளே. என் சிரிப்பைப் பார்த்த பிறகு எப்படி மறுபடி சொல்வார் என்று இப்போது தோன்றுகிறது. உடனே இன்னொரு எண்ணமும் வருகிறது: நான் சிரிக்காமல் இருந்திருந்தாலும் அவர் அந்தக் கடைக்குத்தான் போயிருப்பார். கை பழகியது கை பழகியதுதான். அவருடைய மகனுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினியில் விண்டோஸோடு, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பையன் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அரசு அதற்கு 'விலையில்லா மடிக்கணினி' என்று பெயர் வைத்தது. இலவசம் என்ற சொல்லில் இருக்கும் கூச்சத்தை யாரோ யோசித்திருக்கிறார்கள். நான் அந்த அளவுகூட யோசிக்கவில்லை.

பிறகுதான் லுபுண்டுவுக்கு அடித்தளமான லினக்ஸ் கருவின் உரிமத்தைச் சொல்லுக்குச் சொல் படித்தேன். அதுவரை படிக்காமலே ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்தேன். 1991-இல் வந்த குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு. அதன் 11, 12-ஆம் பிரிவுகள் கொட்டை எழுத்தில் சொல்வது, எந்த உத்தரவாதமும் இல்லை, நஷ்டம் வந்தால் யாரும் பொறுப்பில்லை என்பதைத்தான். அக்கா தினமும் தட்டுவது இதற்கு நேர் எதிரானது: 'பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் என் சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் தீர்த்துக் கொடுக்கிறேன்.' இதை எழுதிக் கொடுக்காதவரிடம் அவர் ஊரில் யாரும் அரை சென்ட் வாங்க மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் ஒப்பந்தமும் பெரும்பாலும் பொறுப்பைக் கழற்றிக்கொள்ளத்தான் எழுதப்படுகிறது என்று நான் வாதாடலாம். உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல.

என்ன சொல்லியிருக்கலாம் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் பதில் தேடியிருக்கிறேன். புறம்போக்கு இல்லை, ஊர்க்கிணறு மாதிரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊர்க்கிணறு எந்தக் காலத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது? கோயில் நிலம் என்றால் குத்தகைப் பாக்கி நினைவுக்கு வரும். யாரும் வேலி போட்டு வளைத்துக்கொள்ள முடியாதபடி எழுதி வைத்த புறம்போக்கு என்று சொல்லியிருந்தால்? மாற்றி மற்றவருக்குக் கொடுப்பவரும் அதே உரிமையோடுதான் கொடுக்க வேண்டும் என்கிற உரிமத்தின் உள்ளடக்கம் ஏறக்குறைய அதுதான். அப்படியானால் அவர் சொன்ன சொல்லே சரி, 'ஆமாம் அக்கா' என்று அங்கிருந்து தொடங்கியிருந்தாலே போதும்.

இப்போது புதிதாக யாராவது இது யாருடையது என்று கேட்டால், எல்லோருக்கும் சொந்தம் என்று சொல்வதில்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன், என் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்" என்கிறேன். முகம் தெளிந்துவிடுகிறது. ஒரே ஓர் ஆளை நம்பிக் கிடக்கக்கூடாது என்று சொல்லித்தான் நான் இதை விற்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அழைக்கிறார்கள்.